பெய்த மழையும் மண் குடித்த மழையும்

கொங்கு நாட்டுச் செம்மண் காட்டின் நடுவே நான் அடிக்கடி செல்ல நேரும் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் முற்றத்தில் மழைமானி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் காலையில் காரியதரிசி அதனைப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதிவைப்பார். அதே காலையில் திண்ணையில் வந்து அமரும் அங்கத்தினர்கள் மில்லிமீட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. "ஓர் உழவு மழை" என்பார்கள். இல்லையேல், "உழவுக்குக் காணாது" என்பார்கள். ஏர் பூட்டி உழும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதே அவர்களுடைய அளவு. பட்டப்படிப்பு முடித்து உத்தியோகத்துக்கு வந்த புதிதில், எண்ணால் எழுதினால்தான் கணக்கு என்ற நினைப்பு எனக்கு இருந்தது. ஆகவே இதனை நான் பொருட்படுத்தியதில்லை. மழைமானி அளப்பது வானம் கொடுத்ததை; உழவு மழை என்னும் சொல் அளப்பது நிலம் வாங்கிக்கொண்டதை. பயிருக்கும் கிணற்றுக்கும் உதவுவது இரண்டாவது கணக்கே என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

ஓர் ஏக்கர் நிலத்தில் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குல மழை பெய்தால், அந்நிலத்தின்மேல் விழும் நீர் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் நிரப்பினால் எட்டு லாரிக்கும் அதிகம். கோடையில் தென்னையைக் காப்பாற்ற ஒரு லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் விலையை நினைத்தால், ஒரு மழையின் பெறுமானம் விளங்கும். இந்த நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் புகுகிறது. ஒரு பகுதி மேலோடு வழிந்து ஓடைக்குப் போகிறது. புகுந்ததிலும் பெரும்பகுதியை வேரும் வெயிலும் திரும்ப மேலே இழுத்துக்கொள்கின்றன. எஞ்சியதே கிணற்று ஊற்றுக்குப் போய்ச் சேர்வது. அந்த எச்சம் எவ்வளவு? மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-இல் வகுத்த விதிமுறையில், சிதைந்த கருங்கல் பாறைப் பகுதிகளுக்கு மழையில் நூற்றுக்கு 11 பங்கு என்றும், களி மிகுந்திருந்தால் 8 பங்கு என்றும் கணக்கிடும்படி கூறப்பட்டது. தமிழ்நாட்டுப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இத்தகைய கடினப்பாறை நிலமே. நூறு குடம் மழையில் எட்டுக் குடமோ பதினொரு குடமோதான் வரவு! கிணற்றை ஆழப்படுத்துவதால் இந்த வரவு கூடுவதில்லை; எடுத்துச் செலவழிக்கும் வேகமே கூடுகிறது.

இதனை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கத்தினர் ஒருவர் தம் கிணற்றுக்குள் ஆழ்துளை இறக்கக் கடன் மனுச் செய்தார். பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, ஜாமீன் யாவும் ஒழுங்காக இருந்தன. நிலத்தை நேரில் பார்வையிட்டுச் சிபாரிசு எழுதிக் கையெழுத்திட்டவன் நான். பார்வையிட்டேன் என்றால், கிணற்றின் விட்டம், ஆழம், மோட்டாரின் குதிரைத்திறன் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன் என்று பொருள். என் காலடியில் இருந்த மண்ணை நான் பார்க்கவில்லை. துளையில் நீர் வந்தது. இரண்டு கோடைகளுக்குத் தாங்கியது. மூன்றாவது கோடையில் மோட்டார் காற்றை இழுத்தது. தவணை தவறியது. விசாரணைக்காக நான் மறுபடியும் அங்கே சென்றபோது, ஒரு தவணை கட்டுவதற்காக அவர் தம் ஆடுகளை விற்றிருந்தார்.

முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தது. அவருடைய காட்டின் தாழ்ந்த மூலையில் செந்நிற நீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒருவர், அவரும் நமது அங்கத்தினரே, இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, "இதைக் குத்திப் பாருங்க" என்று என்னிடம் நீட்டினார். நனைந்த மண்ணில் கம்பி எளிதாக இறங்கும். காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். கடன் வாங்கியவரின் காட்டில் அது நான்கு விரல் ஆழத்தில் நின்றது. வேலியைத் தாண்டிப் பெரியவரின் காட்டில் ஒரு சாணுக்கு மேலே இறங்கியது. இரண்டும் ஒரே செம்மண், ஒரே சரிவு, பெய்ததும் ஒரே மழை. நடுவில் இருந்தது ஒரு கிளுவை வேலி மட்டுமே. கடன் வாங்கியவரும் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பொ எங்காட்டுல பேஞ்சது எங்கீங்க போச்சு?" என்று அவர் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும், வேளாண்மை அலுவலர்களைக் கேட்டும், காடுகளில் நடந்து பார்த்தும் அறிந்துகொண்டதை அவருக்குச் சொல்வதாகவே இங்கு எழுதுகிறேன்.

மண்ணைத் திண்ணிய பொருள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நல்ல விளைநிலத்தில் ஒரு பிடி மண் அள்ளினால் அதில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். மணல் நிலத்தில் இந்தத் துளைகள் பெரியவை. களிமண்ணில் எண்ணிக்கையில் மிகுந்தவை, ஆனால் மிக நுண்ணியவை. நன்றாக நனைந்தபின், மணல் நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேலும், மணலும் களியும் கலந்த நடுத்தர நிலம் 10 முதல் 20 வரையும், களிமண் 1 முதல் 5 வரையுமே நீரை உட்கொள்ளும் என்பது பொதுவான கணக்கு. நம் பக்கத்து இடிமழையோ மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் கொட்டிவிட்டுப் போவது அரிதன்று. மண் குடிக்கும் வேகத்தைவிட மழை கொட்டும் வேகம் மிகும்போது மீதி வழிந்து ஓடுகிறது. இதனை 1933-இல் தெளிவாக எடுத்துக் கூறியவர் ஹார்ட்டன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். மழையின் தொடக்கத்தில் மண் வேகமாகக் குடிக்கும் என்பதும், நேரம் ஆக ஆக அவ்வேகம் தளர்ந்து ஓர் அளவில் நிலைத்துவிடும் என்பதும் அவர் காட்டியவை. அவ்வாறு தளர்வதற்கு நிலத்தின் மேற்பரப்பில் நடக்கும் மாறுதல்களே பெருங்காரணம் என்று அவர் கருதினார்.

மேற்பரப்பில் நடப்பது யாது? ஓட்டுக்கூரையின் விளிம்பிலிருந்து சொட்டும் இடத்தை மழைக்குப் பின் உற்றுப் பாருங்கள். மெல்லிய மண் தெறித்துப்போய், பருக்கைக்கற்கள் மட்டும் ஒரு வரிசையாகத் தெரியும். சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். துளி செய்யும் வேலை அது. தூறலின் சிறுதுளி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. இடிமழையின் 5 மில்லிமீட்டர் துளியோ நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. மூடாக்கு இல்லாத வெற்று நிலத்தில் இப்படி எண்ணற்ற துளிகள் மோதும்போது மண்கட்டிகள் உடைகின்றன. உடைந்த பொடி நீரில் கலங்கி, கலங்கல் துளைகளுக்குள் இறங்கி, வாய்களை அடைத்துவிடுகிறது. லோடர்மில்க் என்னும் அமெரிக்க வனத்துறை அறிஞர் 1930-இல் வெளியிட்ட சோதனைகளில், தெளிந்த நீர் தாராளமாக இறங்கிய மண்ணிலேயே கலங்கல் நீரை விட்டபோது இறங்கும் வேகம் பெரிதும் குறைந்ததைக் கண்டார். இவ்வாறு மண்ணின் மேல் படியும் ஏடு சில மில்லிமீட்டர் கனமே இருக்கும். வெயில் பட்டால் அது ஓடுபோல் இறுகிவிடும். அடுத்த மழைக்கு மூடிய கதவாக நிற்கும். முளைக்கும் சோளம் அதை முட்டித் தூக்க முடியாமல் வளைந்து கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

அடியில் எத்தனை அடி நல்ல மண் இருந்தாலும், மேலே நகக்கண் அளவு ஏடு படிந்துவிட்டால் நீர் அதனைக் கடந்தே போக வேண்டும். கடன் வாங்கியவரின் காட்டில் நடந்தது இதுவே. துளையில் நீர் வந்த மகிழ்ச்சியில் அவர் ஆண்டுக்கு இரண்டு போகம் மக்காச்சோளம் வைத்தார். ஒவ்வொரு போகத்துக்கும் சுழல்கலப்பையைப் பலமுறை ஓட்டி மண்ணை மாவாக்கினார். தட்டு முழுவதையும் அறுத்து விற்றார். ஆடுகள் குறைந்ததால் எருவும் குறைந்தது. கோடை முழுவதும் நிலம் வெறுமையாகக் கிடந்தது. பெரியவரோ பழைய முறைக்காரர். பாதி நிலத்தைக் கொறங்காடாக விட்டு, கொழுக்கட்டைப் புல்லைக் காத்துவந்தார். மீதி நிலத்தில் கோடையில் ஆட்டுப்பட்டி போட்டார். வேலியில் கழித்த தழையைக் காட்டிலேயே பரப்பினார். சரிவுக்குக் குறுக்கே உழுதார். இவற்றுள் எதற்கும் அவர் விஞ்ஞானப் பெயர் சூட்டவில்லை. தழை துளியின் அடியைத் தாங்கியது. எரு மண்ணைக் கட்டியாகப் பிணைத்தது. புல்வேரும் மண்புழுவும் நீருக்கு வழி துளைத்தன. குறுக்குச் சால் ஓடும் நீரை நிறுத்தி, உள்ளே புக அவகாசம் கொடுத்தது. அவகாசம் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் தேங்கி நிற்கும் நீருக்கு மணிக்கு 10 மில்லிமீட்டர் குடிக்கும் நிலமும் போதும்.

செம்மண்ணும் கரிசலும் இவ்விஷயத்தில் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இரு மண்ணையும் அளந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் இரண்டுமே மணிக்கு 70 மில்லிமீட்டருக்கு மேல் குடித்தன. முற்றும் நனைந்தபின் செம்மண் மணிக்கு 8 மில்லிமீட்டர் அளவில் நின்றது. கரிசலோ மணிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னமாக இறங்கிவிட்டது. கோடையில் வெடித்த பிளவுகள் வழியே முதல் மழை மடமடவென்று உள்ளே போகிறது. பிறகு களி ஊறிப் பருத்துப் பிளவுகள் மூடிக்கொள்கின்றன. கோவில்பட்டிப் பக்கத்து அன்பர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், செம்மண் காட்டில் நீர் வீணாகாது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அதே நிலையத்தில் உண்மையான மழையின்போது செம்மண்ணிலிருந்து வழிந்தோடிய நீர் மிகுதியாக இருந்தது. காரணம் எளிது. அளவு எடுப்பது இரும்பு வளையத்தைப் பதித்து நீரைத் தேக்கிவைத்து; வளையத்துக்குள் துளியின் அடி இல்லை. செம்மண்ணில் களியும் மட்கும் குறைவாதலால் கட்டிகள் எளிதில் உடைந்து ஏடு படிகிறது. செம்மண்ணுக்கு மூடாக்கே முதல் வைத்தியம். கரிசலுக்கு அகலப்பாத்தியும் இடையில் வாய்க்காலும் அமைத்து நீரை மெல்ல நகரவிடுவதே பொருந்தும் என்பது அந்நிலையத்தாரின் நெடுநாள் அனுபவம். செம்மண்ணுக்கு ஏரி வண்டல் இடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புகவிடும் வேலையை அது தனியே செய்யாது. வண்டலோடு தொழுவுரமும் தழையும் சேர வேண்டும்.

மேலே கதவு திறந்திருந்தும் அடியில் தடை இருப்பதுண்டு. ஒரே ஆழத்தில் ஆண்டுக்கணக்காக உழுது, ஈரத்தில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓடிய நிலங்களில், கலப்பை முனை தொடும் ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித்தட்டு உருவாகிவிடுகிறது. கம்பி அங்கே டங்கென்று நிற்கும். அதற்குக் கீழே நீரும் வேரும் இறங்கா. இத்தகைய நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டினால் தட்டு உடையும். மண் உலர்ந்திருக்கும்போது ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு நொறுங்காமல் கீறல் மட்டுமே விழும்.

நெசவாள அங்கத்தினர்கள் இதுவரை படித்துவிட்டு, இது காட்டுக்காரர் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மண் நீர் குடிப்பதையும் குடிக்க மறுப்பதையும் அவர்கள் தறிக்குழிக்குள் அமர்ந்தே பார்க்கிறார்கள். குழியின் குளிர்ந்த ஈரம் பாவு அறுந்துபோகாமல் காக்கிறது. அதே குழியில் அடைமழைக் காலத்தில் நீர் ஊறி, தறி நின்று, கூலி இல்லாமல் போகிறது. வீட்டைச் சுற்றியுள்ள மண் வயிறு நிறையக் குடித்துவிட்டால், அதன்பின் வரும் நீர் பக்கவாட்டில் கசிந்து தாழ்ந்த இடத்தைத் தேடுகிறது. தெருவில் அதனினும் தாழ்ந்த இடம் தறிக்குழியே. தெருவுக்குச் சிமெண்டுத் தளம் போட்டு மேடாக்கிய பிறகு இத்தொல்லை கூடியது என்று குடியிருப்புகள் சிலவற்றில் முறையிட்டார்கள். அம்முறையீட்டில் நியாயம் இருக்கிறது. முன்பு தெரு குடித்த நீரையும் இப்போது சுவரடி மண்ணே குடிக்க வேண்டியிருக்கிறது. கூரை நீரைத் தகர வாரியில் பிடித்து, சுவரிலிருந்து நன்கு தள்ளி ஓர் உறிஞ்சுகுழியில் விடுவது நலம். உறிஞ்சுகுழியைத் தறியறைச் சுவரை ஒட்டித் தோண்டினால், அது தறிக்குழிக்கு வாய்க்கால் வெட்டியதாக முடியும்.

கோரா நூலைச் சாயத்தொட்டியில் அப்படியே அமிழ்த்தினால் நிறம் ஏறாது. பஞ்சின் மெழுகு நீரை ஒட்டவிடாது. சோடா இட்டு வேகவைத்த பிறகே நூல் நீரைக் குடிக்கிறது. நெடுங்கோடையில் எலும்பாகக் காய்ந்த மண்ணிலும், சில மரங்களின் சருகு கிடந்த மண்ணிலும் இதே குணம் உண்டு. முதல் துளிகள் புழுதிமேல் முத்தாக உருண்டு நிற்கும். ஊறி நனைந்த பிறகுதான் மண் ஏற்றுக்கொள்ளும்.

சாயத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், இரு பகுதி அங்கத்தினருக்கும் மனத்தாங்கல் வரக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நூலில் நிறம் பிடிப்பதற்காகச் சாயத்தொட்டிகளில் உப்பை ஏராளமாகக் கரைக்கிறார்கள். அந்த உப்பு நூலில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது. உப்பிலுள்ள சோடியம் மண்ணில் சேர்ந்தால், சுண்ணாம்புச் சத்து பிணைத்துவைத்த களித்துகள்கள் ஒன்றைவிட்டொன்று விலகிச் சிதறித் துளைகளை அடைக்கின்றன. களர் நிலத்தில் நீர் நாட்கணக்கில் தேங்கி நிற்பது இதனால்தான். பாசனத்துக்கென்று நொய்யலாற்றில் 1992-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியதையும், கழிவே வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதையும் யாவரும் அறிவர். சோடியம் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீரால் கழுவி வடிக்க வேண்டும். நல்ல நீருக்கு எங்கே போவது என்பதே அப்பகுதி உழவர்களின் துன்பம். சிறு சாயத்தொட்டி வைத்திருக்கும் நமது சங்கத்தாரும் கடைசி நீரை எங்கே ஊற்றுகிறோம் என்று ஒருமுறை எழுந்துபோய்ப் பார்ப்பது நல்லது.

தம் நிலம் எப்படிக் குடிக்கிறது என்று அறிய விரும்பும் அங்கத்தினருக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. இருபுறமும் திறந்த, அரை அடி அகலமுள்ள தகர டப்பா ஒன்றை மூன்று அங்குலம் மண்ணில் பதித்து, உள்ளே ஓர் அங்குல உயரத்துக்கு நீரை மெல்ல ஊற்றி, வற்றும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். உடனே இரண்டாம் முறையும் ஊற்றிப் பாருங்கள். இரண்டாவது நேரமே நம்பத்தக்கது. நடுக்காட்டில் ஒன்றும், வேலியோரத்து வேம்பின் நிழலில் ஒன்றும் செய்தால் வித்தியாசம் தெரியும். டப்பா மட்டும் முழு உண்மையைச் சொல்லாது என்பதை மேலே கண்டோம். ஆகவே காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடித் தம்ளர் நீரில் மெல்ல இட்டும் பாருங்கள். உடனே கரைந்து சேறாகிவிட்டால் அந்த மண்ணில் ஏடு படியும். நெடுநேரம் கட்டியாகவே கிடந்தால் அது துளியின் அடியைத் தாங்கும். பெரியவர் காட்டுக் கட்டியும் கடன் வாங்கியவர் காட்டுக் கட்டியும் சங்க மேஜையில் இரு தம்ளர்களில் கிடந்த காட்சியை நிர்வாகக் குழுவினர் மறந்திருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. தம் காட்டில் தழை பரப்பிய அங்கத்தினர் மறுகோடையில் தம் கிணறு நிரம்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாறைக்குள் ஓடும் நீருக்குச் சர்வே எண் தெரியாது. ஒருவர் குடிக்கவிட்ட நீரை அடுத்தவர் மோட்டார் இறைத்துவிடக்கூடும். கிணறு உயர வேண்டுமானால் ஓர் ஓடைச்சரிவு முழுவதும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அது கூட்டுறவுக்கு ஏற்ற காரியம், தனியாள் காரியம் அன்று. ஆனால் ஒரு சாண் ஈரத்துக்கும் நான்கு விரல் ஈரத்துக்கும் உள்ள பயன் அவரவருக்கே உரியது. மழைக்குப் பின் பதினைந்து நாள் வெயில் அடித்தால், எந்தக் காட்டுச் சோளம் வாடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிணற்றுக் கடன் மனுவோடு இணைக்க வேண்டிய தாள்களின் பட்டியலில் மண்ணைப் பற்றிய கேள்வி எதுவும் நான் கையெழுத்திட்ட படிவத்தில் இல்லை. விதியில் இல்லாததை நான் கட்டாயப்படுத்த இயலாது. எனினும் பார்வையிடச் செல்லும்போது இப்போதெல்லாம் ஒரு கம்பியை உடன் கொண்டுபோகிறேன். நான்கு விரலில் நின்றால், மனுதாரரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே குத்திப் பார்க்கச் சொல்கிறேன். துளைக்குக் கேட்கும் தொகையில் ஒரு பகுதியைக் குறுக்கு வரப்புக்கும் ஆட்டுக்கும் செலவிட இயலுமா என்று கேட்கிறேன். சிலர் இசைகிறார்கள். சிலர், "பக்கத்துக்காரன் ஆயிரம் அடி இறக்கிட்டானுங்க" என்கிறார்கள். அவர்களையும் குறை கூற இயலவில்லை.

பழைய கடனுக்குத் தவணையை நீட்டித்துக் கொடுக்கக் குழு இசைந்தது. அவர் இப்போது ஒரு போகத்தோடு நிறுத்திக்கொண்டு, தட்டில் பாதியைக் காட்டிலேயே விடுகிறார். பெரியவரிடமிருந்து வாரத்துக்கு நான்கு ஆடுகள் பிடித்திருக்கிறார். காரியதரிசியும் மழைப் பதிவேட்டில் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் கோடிட்டிருக்கிறார்; வேலிக்கு இந்தப் புறம் இறங்கிய ஈரம் ஒன்று, அந்தப் புறம் இறங்கியது மற்றொன்று. சென்ற ஐப்பசி மழைக்குப் பின் நான் பார்த்தபோது, கடன் வாங்கியவரின் பத்தியில் "ஆறு விரல்" என்று எழுதியிருந்தது.